அக்கினி சுபாவம்

மலைக்குப் போகிறவர்கள் கம்பளி எடுத்துப் போவார்கள். குடை எடுத்துப் போவார்கள். நம்முடன் ஜவ்வாது மலைக்கு வந்த அன்பரோ சீன வைத்தியத்தைப் பற்றிய சிறு புத்தகம் ஒன்றை எடுத்து வந்திருந்தார். போளூரில் பஸ் ஏறியதிலிருந்து அது அவர் கையை விட்டு இறங்கவில்லை. உலகத்து மனிதரையெல்லாம் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து இனமாகப் பிரித்து, இன்ன இனத்தாருக்கு இன்ன குணம், இன்ன நோய் என்று அதில் எழுதியிருந்தது. கண்டக்டரை உலோகம் என்றார். ஜமுனாமரத்தூரில் நமக்குத் தேநீர் கொடுத்தவரை மண் என்றார். நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சந்தேகமே இல்லை, அக்கினி" என்று தீர்ப்பளித்தார். நாம் உரக்கச் சிரித்தோம். "பார்த்தீர்களா? சிரிப்புத்தான் அக்கினியின் முதல் லட்சணம்" என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.

நமக்கு இது வியப்பாக இருந்தது. நம் நாட்டில் ஒருவரை அக்கினி சுபாவம் உடையவர் என்றால், அவர் வாயைத் திறக்குமுன் எதிரில் நிற்பவர் இரண்டடி பின்வாங்க வேண்டும் என்று பொருள். சீனத்து நெருப்பு மட்டும் சிரிப்பானேன்? மலையில் இருந்த நான்கு நாளும் இக்கேள்வி நம்மை விடவில்லை. ஊர் திரும்பிய பின் ஏடுகளைப் புரட்டியதில் கிடைத்தவற்றை நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

சீனர்களின் பழைய மருத்துவ நூலுக்கு மஞ்சள் பேரரசரின் உள்நூல் என்று பெயர். ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பெற்றது. அதன் இரண்டாம் பாகமாகிய லிங்ஷுவில் 64ஆம் இயல் மனித இனங்களைப் பற்றியது. ஐந்து இனம், ஒவ்வொன்றிலும் ஐந்து உட்பிரிவு, ஆக 25 வகை மனிதர்கள். அவர்களுள் நெருப்பு மனிதர் செந்நிறம் உடையவர். தலை சிறுத்து, முகம் கூர்மையாகி, தோளும் முதுகும் நன்கு அமைந்தவர். கையும் காலும் சிறியவை. நடக்கும்போது உடல் அசையும். எதையும் விரைந்து உணர்வார், தெளிவாகக் காண்பார். பணத்தைப் பெரிதாக மதியார். ஆனால் பிறரிடம் நம்பிக்கை குறைவு, கவலை அதிகம், பொறுமை இல்லை. வசந்தமும் வேனிலும் அவருக்கு ஏற்றவை. இலையுதிர் காலமும் குளிர்காலமும் ஆகா. நீண்ட ஆயுள் இல்லை, திடீரென்று மரணம் வரும் என்றும் அந்நூல் கூசாமல் சொல்கிறது. இந்தக் கடைசி வரியை நம் அன்பரின் புத்தகம் விட்டுவிட்டிருந்தது. காசு கொடுத்து வாங்குகிறவரிடம் அதைச் சொல்லப் பதிப்பாளருக்கு மனம் வரவில்லை போலும்.

சீனரின் ஐந்தும் நம் பஞ்சபூதமும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனிக்கவேண்டும். அவர்கள் கணக்கில் காற்றும் ஆகாயமும் இல்லை. அவற்றுக்குப் பதிலாக மரமும் உலோகமும் இருக்கின்றன. மேலும், நம் பூதங்கள் பொருள்களை ஆக்கும் மூலங்கள். அவர்களுடையவையோ ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து செல்லும் இயக்கங்கள். மரம் எரிந்து நெருப்பாகிறது. நெருப்பு சாம்பலாகி மண்ணைச் சேர்கிறது. மண் உலோகத்தை ஈனுகிறது. உலோகம் நீரைத் தருகிறது. நீர் மரத்தை வளர்க்கிறது. இச்சக்கரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பும் ஓர் உணர்ச்சியும் உண்டு. நெருப்புக்கு உரிய உறுப்பு இருதயம், உணர்ச்சி மகிழ்ச்சி. கோபமோ மரத்தைச் சேர்ந்தது. மரத்துக்கு உரிய உறுப்பு ஈரல். அதன் துணை பித்தப்பை.

நம் வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பித்தம் ஊறும் இடத்தைச் சீனர் மரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கோபமும் அதனோடு போய்விட்டது. நாம் பித்தத்தையே நெருப்பு என்றோம். ஆகவே கோபம் நம்மிடத்தில் நெருப்பின் வீட்டில் தங்கிவிட்டது. கிரேக்கரும் நம்மைப் போலவே மஞ்சள் பித்தத்தை நெருப்போடு சேர்த்து, அது மிகுந்தவனைச் சினக்காரன் என்றார்கள். அவர்களிடமிருந்து அராபியர் வழியாக வந்த யுனானி வைத்தியத்தில் இன்றும் ஹக்கீம்கள் அதைச் சஃப்ரா என்கிறார்கள். ஒரே நெருப்புத்தான், ஒரு நாட்டில் அது சிரிக்கிறது, மற்ற நாடுகளில் சீறுகிறது.

சீனத்துக்கும் நமக்கும் இவ்விஷயத்தில் கொடுக்கல் வாங்கல் இருந்ததோ என்று சிலர் கேட்கலாம். சித்தர்களுள் போகர் சீனம் சென்று வந்தார் என்பது மரபு. கதையை விட்டு, கல்லைப் பார்த்தாலும், சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டில் எழுந்த சிவன் கோயிலின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. படிகாரத்துக்கு நம் வைத்தியர்கள் சீனக்காரம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கப்பலில் சரக்கு வந்தது, மனிதர் வந்தனர். ஆயினும் அவர்கள் மரமும் உலோகமும் நம் கணக்கில் நுழையவில்லை. நம் வளி, அழல், ஐயம் என்ற மூன்றும் அவர்கள் கணக்கில் இடம்பெறவில்லை.

நம் வைத்தியத்தில் வளி என்பது வாதம், அழல் என்பது பித்தம், ஐயம் என்பது கபம். வளி முதலாகிய மூன்றும் மிகினும் குறையினும் நோய் என்ற கருத்தை வள்ளுவரே மருந்து அதிகாரத்தில் வைத்திருக்கிறார். சித்த மருத்துவர்கள் அழலை ஐந்தாகப் பகுத்தார்கள். உண்டதைச் செரிப்பிப்பது ஆக்கனல். குருதிக்கு நிறம் தருவது வண்ண எரி. எண்ணியதை முடிக்கும் ஆற்றலைத் தருவது ஆற்றலங்கி. கண்ணில் நின்று காண்பது நோக்கழல். தோலுக்கு ஒளி தருவது உள்ளொளித் தீ. பெயர்களின் அழகைப் பாருங்கள்! சோற்றைச் சமைப்பதும், சோறு சமைந்து இரத்தமாவதும், அந்த இரத்தம் மன உறுதியாவதும், கண்ணில் பார்வையாவதும் ஒரே தீயின் வேலை என்று கண்டவர்கள் அதை வெறும் கோபத்துக்கு மட்டும் உரியதாக நினைத்திருக்க முடியாது.

நினைக்கவும் இல்லை. அழல் உடலினரின் இலக்கணத்தை முழுவதும் படித்தவர்களுக்கு இது தெரியும். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் வரும் பித்தப் பிரகிருதியைப் பற்றிய பகுதியையே எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பசியும் தாகமும் அதிகம், உடல் சூடு, உள்ளங்கையும் பாதமும் செம்பு நிறம். கோபத்தாலும் வெயிலாலும் மதுவாலும் கண் விரைவில் சிவக்கும். இவ்வளவும் எல்லோரும் அறிந்தவை. ஆனால் அதே இடத்தில், அவர் தூய்மையும் நல்லொழுக்கமும் உடையவர், வீரர், கூர்த்த மதியினர், தம்மை அண்டியவர்களிடம் அன்புள்ளவர், அஞ்சி வந்தால் பகைவருக்கும் அடைக்கலம் தருபவர் என்றும் இருக்கிறது. நம் வீடுகளில் வழங்கும் "பித்த உடம்பு" என்ற சொல்லிலிருந்து இந்தப் பாதி எப்போது உதிர்ந்தது? சிவந்த கண் மட்டும் நின்றுவிட்டது. அடைக்கலம் தரும் கை மறந்துவிட்டது.

இந்த இலக்கணங்களை எழுதியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நாடி பார்ப்பதில் சித்தரும் ஆயுர்வேதியரும் உவமைகளையே மாற்றி வைத்திருக்கிறார்கள். அன்னம் போலவும் கோழி போலவும் மயில் போலவும் நடப்பது வாத நாடி என்பர் சித்தர். ஆயுர்வேதத்திலோ அன்னநடை கபத்துக்கு உரியது; வாதம் பாம்பு போல் ஊர்வது. சித்தருக்குப் பாம்பு கபம். பித்தத்துக்குச் சித்தர் ஆமையையும் அட்டையையும் சொல்ல, அவர்கள் காக்கையையும் தவளையையும் சொல்கிறார்கள். வயதுக் கணக்கிலும் இப்படியே. குழந்தைப் பருவத்தில் வாதம், முதுமையில் கபம் என்பது சித்தர் கொள்கை. ஆயுர்வேதம் அதைத் தலைகீழாக்கிக் குழந்தைக்குக் கபமும் கிழவருக்கு வாதமும் தரும். இருவரும் சண்டையின்றி ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: வாழ்வின் நடுப்பகுதி அழலுக்கு உரியது. உழைத்து, சம்பாதித்து, குடும்பத்தைத் தாங்கி, அதற்காக எரிந்து விழும் வயது. இதற்கு நாடி பார்க்கத் தெரியவேண்டியதில்லை. நாற்பது வயதுக் குடும்பத்தலைவர் எவரையும் மாதக் கடைசியில் பார்த்தால் போதும்.

பருவத்தைப் பற்றியும் ஓர் ஒற்றுமை உண்டு. அழல் கோடையில் கெடும் என்றுதான் நாம் எண்ணுவோம். சித்தர் கணக்கில் அது ஆவணி புரட்டாசியாகிய கார்காலத்தில் சேர்ந்து, ஐப்பசி கார்த்திகையாகிய கூதிரில் கெட்டு, முன்பனியில் தணிகிறது. சீனரும் தங்கள் நெருப்பு மனிதர் நோயுறுவது இலையுதிர் காலத்திலிருந்து என்றார்கள். ஆனால் காரணம் வேறு. அவர்கள் நெருப்பு மனிதர் வெயிலைத் தாங்குவார், குளிரைத் தாங்கார். நம் அழல் உடலினரோ குளிர்ச்சியை விரும்புவார், வெயிலைப் பொறார். இரண்டு வைத்தியர்கள் ஒரே மாதத்தில் ஒருவரைப் படுக்கச் சொல்லி, ஒருவர் போர்வையும் மற்றவர் சந்தனமும் கொடுப்பதுபோல் இருக்கிறது இது.

சந்தனம் என்றவுடன் நாம் மறுபடி மலைக்கு வந்துவிடுகிறோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளையான ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்னும் மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. சந்தன மரத்துக்குப் பேர்போன காடு. அழலைத் தணிப்பனவாக வைத்தியர் சொல்லும் சந்தனமும் நெல்லியும், மருந்துப் பெட்டியில் எப்போதும் இருக்கவேண்டிய கடுக்காயும் தேனும் இங்கிருந்து கீழே இறங்குகின்றன. இங்கே வாழும் மலையாளிகள் கேரளத்தார் அல்லர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த தமிழ்ப் பழங்குடியினர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகக் கதை சொல்வார்கள். சாமை விளைவிப்பார்கள், புளியும் பலாவும் விற்பார்கள்.

நிலத்துக்கும் மனித இயல்புக்கும் சம்பந்தம் உண்டு என்று பதார்த்த குண சிந்தாமணி கூறும். முல்லை நிலத்தில் பித்தம், நெய்தலில் வாதம், பாலையில் மூன்றும், மருதத்தில் நோயின்மை. குறிஞ்சியாகிய மலைநிலத்திலோ ஐயம் தங்கும். இரத்தத்தை உறிஞ்சும் சுரம் வரும். வயிற்றில் கட்டி பெருக்கும். ஐயம் மிக்கவர்கள் மந்தமானவர்கள் என்று ஏட்டில் இருக்கிறதே, ஆகவே மலைமக்கள் மந்தர்கள் என்று முடிவு கட்டலாமா என்று நம் அன்பரைக் கேட்டோம். அப்போது ஒரு பாட்டி தலையில் புளிமூட்டையுடன் எங்களைக் கடந்து மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். வெறுங்கையுடன் வந்த நாங்கள் மூச்சுவாங்கப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். அன்பர் பதில் சொல்லவில்லை.

ஆனால் அந்த ஏட்டின் மற்றப் பகுதியை இகழ்ந்துவிடக் கூடாது. இரத்தத்தை உறிஞ்சும் சுரம், வயிற்றில் கட்டி என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மலேரியாக் கிருமி இரத்தத்தின் சிவப்பணுக்களை அழிக்கிறது; நோயாளி வெளுக்கிறார்; மண்ணீரல் வீங்கி விலாவின் கீழ்க் கட்டிபோல் கைக்குத் தட்டுப்படுகிறது. கண்டதை அப்படியே எழுதியிருக்கிறார் ஏட்டை எழுதியவர். கண்டது சரி; காரணம்தான் நிலத்தின் இயல்பிலும் இல்லை, உடலின் பூதத்திலும் இல்லை. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் டாக்டர் கொசுவின் வயிற்றைக் கீறி அக்கிருமியைக் கண்டார். குறிஞ்சி மக்களின் தேகத்தை மாற்ற வேண்டியதில்லை, கொசுவைத் தடுத்தால் போதும் என்பது அன்றிலிருந்து தெரிந்தது.

அழலுக்கும் இதே சோதனை நடந்திருக்கிறது. காமாலை என்றால் பித்தம் பொங்கிவிட்டது என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். 1988ஆம் ஆண்டு சென்னை ஆராய்ச்சியாளர்கள், ஈரலைத் தாக்கும் பி வைரஸை உடலில் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து, பலருக்கு அது நீங்கியதாக லான்செட் என்னும் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அத்தகைய பலன் காணப்படவில்லை. நமக்கு ஏமாற்றம்தான், ஆயினும் நம் மூலிகை சோதனைக் கூடத்துக்குள் நடந்து சென்று வந்தது பெருமையே. கண் மஞ்சளானவர் தாம் அழல் உடலினரா என்று ஆராய்ந்துகொண்டு பத்து நாளைக் கழிப்பது ஆபத்து. இரத்தத்தைச் சோதித்து எந்த வைரஸ் என்று அறிந்துகொள்ளட்டும். அதன் பிறகு பத்தியத்துக்கு நல்ல சித்த வைத்தியரிடம் தாராளமாகப் போகட்டும். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசாங்கச் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாம்பரத்தில் 2005ஆம் ஆண்டிலிருந்து தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. தெருமுனைக் கூடாரத்தை நாட வேண்டிய காலம் போய்விட்டது.

மலையிலிருந்து ஆலங்காயம் வழியாக இறங்கும்போது காவலூர் வருகிறது. காட்டின் நடுவே வெண்ணிறக் கோபுரங்கள். அதுதான் வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையம். 1968 முதல் இங்கே விண்மீன்களைப் பார்த்து வருகிறார்கள். 1977ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் தேதி யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான அடையாளங்களைக் கண்ட நிலையங்களில் இதுவும் ஒன்று. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் வேலை செய்கிறது. அதை நம் நாட்டவரே வடிவமைத்துச் செய்தார்கள்.

கோபுரங்களைக் கண்டதும் அன்பர் முகம் சற்று வாடியது. அவருடைய தமையன் மகளுக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தம் செவ்வாயினால் தட்டிப்போயிற்றாம். "பெண்ணுக்குச் செவ்வாய்; அக்கினி சுபாவம்; வீட்டுக்கு ஆகாது" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்களாம். பெண் பி.எஸ்ஸி. படித்தவள், ஒருவரையும் கடிந்து பேசி அறியாதவள்.

செவ்வாயை நெருப்புக்கு உரியதாகச் சொன்னது நாம் மட்டும் அல்ல. வராகமிகிரர் பிருஹத் ஜாதகத்தில் அப்படி வைத்தார். சீனர்களோ அக்கிரகத்துக்கு நெருப்பு விண்மீன் என்றே பெயரிட்டார்கள். இமயத்துக்கு இருபுறமும் இருந்தவர்கள் பித்தத்தைப் பற்றி ஒத்துப்போகாவிட்டாலும் செவ்வாயைப் பற்றி ஒத்துப்போனார்கள். அண்ணாந்து பார்த்தால் சிவப்பு, சிவப்பென்றால் நெருப்பு. கண் கொண்டு காண்பவர்க்கு இதைவிட இயல்பான முடிவு இல்லை. ஆனால் அந்தச் சிவப்பு இரும்புத் துருவின் நிறம். செவ்வாயின் தரையில் சராசரிக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி அளவில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட நம் மங்கள்யான், 2014 செப்டம்பர் 24ஆம் தேதி அக்கிரகத்தைச் சுற்றத் தொடங்கிற்று. முதல் முயற்சியிலேயே அதைச் சாதித்த நாடு நம்முடையது. அத்தகைய நாட்டில், உறைந்து கிடக்கும் ஒரு துருப்பிடித்த உருண்டையின் பெயரால் ஒரு பெண்ணை நெருப்பு என்கிறோம்.

இன்னொன்றையும் நாம் கவனித்து வருகிறோம். ஆண்மகன் தட்டை வீசி எறிந்தால், "பாவம், பித்த உடம்பு, பசி பொறுக்கமாட்டான்" என்று தாயார் சமாதானம் சொல்கிறார். மருமகள் குரலை உயர்த்தினால் அதே சொல் குற்றப்பத்திரிகை ஆகிறது. ஒரே அழல் ஒருவருக்கு மன்னிப்பாகவும் மற்றவருக்குத் தண்டனையாகவும் பயன்படுவதை எந்தச் சித்தரும் எழுதவில்லை. அவர்கள் எழுதியது வேறு. அழல் உடலினருக்குப் பசித்த வேளையில் சோறு கொடு. காரத்தையும் புளிப்பையும் குறை. இனிப்பும் கசப்பும் துவர்ப்பும் சேர். எண்ணெய் தேய்த்துத் தலை முழுகச் சொல். இரவில் தூங்க விடு. மாமியார்கள் இவற்றை மகனுக்குச் செய்வதுபோல் மருமகளுக்கும் ஒரு மாதம் செய்து பார்க்கலாம்.

அன்பரின் புத்தகத்தை இறங்கும் வழியில் நாமும் ஒருமுறை புரட்டிப் பார்த்தோம். நெருப்பு மனிதருக்கு எந்தப் பருவம் ஆகாது, எந்தச் சுவை உரியது, எந்த உறுப்பைக் காக்கவேண்டும் என்றெல்லாம் இருந்தது. யாருக்கு யாரைக் கொடுக்கலாகாது என்று அதில் ஒரு வரியும் இல்லை. தமையனுக்குக் கடிதம் எழுதப்போவதாகச் சொல்லி, ஆலங்காயத்தில் அன்பர் ஒரு கார்டு வாங்கிக்கொண்டார்.